அங்கணத்தில் தண்ணீர் பேசும் ஓசை

2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் தவறான பதில் சொன்னேன். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கக்கூடிய பதில்தான் அது, ஆயினும் தவறு. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கல்வி உளவியல் கற்பித்து வருகிறேன். ஆக்கநிலையிறுத்தம் என்ற பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ஒரு நாயையும் ஒரு மணியையும் ஓர் உணவுத் தட்டையும் வரைந்து, உணவோடு சேர்ந்து பலமுறை ஒலித்த மணி பின்னர் உணவு இல்லாமலே நாயின் வாயில் உமிழ்நீரை வரவழைக்கும் என்று விளக்குவேன். இதில் மணி தூண்டல், உமிழ்நீர் துலங்கல். இந்தச் சோதனைகளைச் செய்த ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் மெட்ரனோம் என்ற தாளக்கருவி, பஸ்ஸர், விளக்கு எனப் பலவும் பயன்பட்டன என்றாலும், மணி என்றால் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. பிறகு, உணவு தராமல் மணியை மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தால் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும், இதற்கு ‘அழிதல்’ என்று பெயர் என்று எழுதிப் போடுவேன். அன்றும் அவ்வாறே எழுதிப் போட்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் அந்த மாணவி எழுந்து, “அழிஞ்சு போறதுக்கு எத்தன நாள் ஆகும் மேடம்?” என்று கேட்டாள்.

அவள் நாயைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்புதான் அவள் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் நின்றிருந்தது. நான் சற்றுத் தயங்கிவிட்டு, “தூண்டல் மட்டும் தனியாகத் திரும்பத் திரும்ப வந்து, அதற்குப் பிறகு ஒன்றும் நேராமல் இருந்தால், துலங்கல் தானாகவே அழிந்துவிடும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும், கவலைப்படாதே” என்றேன். அவள் தலையசைத்துவிட்டு அமர்ந்தாள். அவள் அமர்ந்த விதத்தில், தனக்குத் தெரிந்த ஒன்றைப் பெரியவர் ஒருவர் மறுத்துச் சொல்லும்போது எதிர்த்துப் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும் அடக்கம் இருந்தது. அந்தத் தலையசைப்புத்தான் இத்தனை மாதங்களாக என்னை விடாமல் உறுத்துகிறது. அவள் இப்போது படிப்பை முடித்துவிட்டு எங்கோ ஒரு பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருப்பாள். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

மழைக்கு அஞ்சாதவர்

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைப் பற்றி இந்த வட்டாரத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தி வந்தபோது அந்த எண்ணைப் பலர் அச்சுப்பிழை என்றே நினைத்தார்கள். என் அம்மா அப்போது திருநெல்வேலி சிந்துபூந்துறையில், ஆற்றுக்கு மிக அருகில் உள்ள எங்கள் பழைய வீட்டில் தனியாக இருந்தார். எழுபத்து நான்கு வயது. 1992 வெள்ளத்தையும் அதே வீட்டில் பார்த்தவர். அன்று இரவு முதலில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. ஒன்பது மணிக்கு மேல் பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடமான அங்கணத்தின் குழியில் குமிழி விடும் ஓசை கேட்டிருக்கிறது. வழக்கமாகக் கழுநீர் கீழே இறங்கும்போது எழும் ஓசையைப் போலவே இருந்தது. ஆனால் வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருந்த பிறகு, கறுத்த நீர் குழியிலிருந்து மேலே வந்து அங்கணத்தை நிறைத்து அடுக்களைக்குள் நுழைந்தது. அதன் பின்னரே தெருவிலிருந்து வெள்ளம் நடை ஏறியது. பக்கத்து மாடிவீட்டார் அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஆற்றின் மேல் உள்ள சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது ஒன்று உண்டு. அம்மாவுக்கு மழையின் மேல் அச்சம் வரவில்லை. ஜனவரியில் ஓர் இரவு நல்ல மழை பெய்தபோது எழுந்து சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் நீரை வெளியேற்றியபோது குளியலறைத் தரையில் உள்ள சல்லடைக்குள் ‘குளக் குளக்’ என்று ஓர் ஓசை எழுந்ததும், அடுக்களையில் நின்றவர் கையிலிருந்த தேங்காய்த் துருவலைக் கீழே கொட்டிவிட்டு ஓடி வந்தார். “ஏட்டி, அங்கணத்துல தண்ணி பேசுது” என்றார். முகம் வெளிறியிருந்தது. வெள்ளத்தைக் கொண்டுவந்தது மழை. அப்படியிருக்க, அச்சம் ஏன் மழையை விட்டுவிட்டுச் சாக்கடை ஓசையைப் பற்றிக்கொண்டது?

இதற்கு நெருக்கமான விடை 1959இல் லூபோ, மூர் என்ற இருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில் இருக்கிறது. ஆடு மேய்க்கும் கீதாரிகளை அறிந்த நம் பக்கத்து வாசகர்களுக்கு அது பிடிக்கும், ஏனெனில் அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை செம்மறிகளும் வெள்ளாடுகளும். ஆடுகளுக்கு முன்கூட்டியே ஓர் அடையாளத்தைப் பலமுறை காட்டினார்கள். அதைத் தொடர்ந்து ஒன்றும் நேரவில்லை. பின்னர் அதே அடையாளத்தோடு காலில் மின்னதிர்ச்சியைச் சேர்த்தபோது, புதிய அடையாளத்தைக் கற்றுக்கொண்ட வேகத்தில் இந்தப் பழகிய அடையாளத்தை ஆடுகள் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றும் நேராத அனுபவமும் ஒரு பாடமாகப் படிந்துவிடுகிறது. அம்மாவின் வாழ்வில் எழுபது கார்த்திகைகள் மழையோடு வந்து மழையோடு போயிருக்கின்றன. மழை அவருக்கு எதையும் முன்னறிவிப்பதில்லை. வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாதபோது அங்கணம் பேசியது ஒரே ஓர் இரவில்தான், அது சொன்னதும் நடந்தது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தால் போதும், மனம் முடிச்சுப் போட்டுவிடும் என்றே நாங்கள் வகுப்பில் சொல்கிறோம். உயிர்கள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. எது உண்மையில் முன்னறிவித்தது என்பதைச் சலித்தெடுத்துத்தான் கற்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ரெஸ்கோர்லா 1968இல் எலிகளைக் கொண்டு காட்டியதும் இதைத்தான்: ஓசை இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே அளவுக்கு அதிர்ச்சி வந்தால், எத்தனை முறை இரண்டும் சேர்ந்து வந்திருந்தாலும் எலி அந்த ஓசைக்கு அஞ்சுவதில்லை.

அம்மாவின் கற்றல் ஓரிடத்தில் மட்டும் அளவு மீறியிருந்தது. நீர் மேலே ஏறும் ஓசையைக் கற்றவர், நீர் கீழே இறங்கும் அன்றாட ஓசைக்கும் நடுங்கினார். இவ்வாறு அச்சம் பக்கத்துப் பொருள்களுக்குப் பரவுவதைச் சொல்ல ஆல்பர்ட் என்று பெயரிடப்பட்ட குழந்தையின் கதையைத்தான் நாங்கள் வழக்கமாகச் சொல்வோம். 1920இல் வாட்சனும் ரெய்னரும், 11 மாதக் குழந்தை ஒன்று வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். ஐந்து நாள் கழித்து அந்தக் குழந்தை முயலையும் நாயையும் ரோம மேலங்கியையும் கண்டு விலகியது. அச்சத்தை நீக்காமலே குழந்தை அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டது. இந்தச் சோதனையை ஆண்டுதோறும் ‘பொதுமைப்படுத்தல்’ என்ற தலைப்பின் கீழ் ஐந்து மதிப்பெண் விடையாக எழுத வைத்திருக்கிறேன் என்பதை நினைக்கும்போது இப்போது மனம் பொறுக்கவில்லை.

பாலத்துக்கு இந்தப்புறம்

பாளையங்கோட்டையில் அம்மா தேறினார். சலவை இயந்திரம் வாரத்துக்கு மூன்று முறை ஓடியது. மூன்று முறையும் சல்லடை பேசியது. தண்ணீர் மேலே வரவில்லை. பிப்ரவரியில் திரும்பிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். மார்ச்சில் திரும்பியும் பார்க்கவில்லை. என் பாடத்தின் ஒவ்வொரு வரியும் என் வீட்டிலேயே மெய்யாகிறது என்ற நிறைவு எனக்கு. சித்திரை பிறந்ததும், “என் வீட்டுக்குப் போணும்” என்றார். வீடு கழுவி வெள்ளையடித்துத் தயாராக இருந்தது. கொண்டுபோய் விட்டேன். அன்று பிற்பகலில் நான் காப்பி டம்ளர்களை அங்கணத்தில் கழுவினேன். குழிக்குள் தண்ணீர் இறங்கிய ஓசை கேட்டதும், கட்டிலில் அமர்ந்திருந்த அம்மா எழுந்து, பத்திரங்களும் ரேஷன் அட்டையும் இருந்த மஞ்சள் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். டிசம்பரில் இருந்ததைவிட ஒரு துளியும் குறையாத நடுக்கம். நான்கு மாதமாக அழிந்துவிட்டது என்று நான் எண்ணியிருந்தது பாலத்துக்கு அந்தப்புறம் அப்படியே அவருக்காகக் காத்திருந்தது.

அது ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1979இல் பூட்டன், போல்ஸ் ஆகியோர் ஒரு கூண்டில் எலிகளுக்கு ஓர் ஓசையின் மேல் அச்சத்தை உண்டாக்கி, வேறொரு கூண்டில் அந்த ஓசையைத் தனியாக ஒலித்து அச்சம் தணியும்வரை பழக்கினார்கள். முதல் கூண்டுக்குத் திரும்பக் கொண்டுபோனதும் அச்சம் திரும்பிவிட்டது. பாவ்லோவே இதற்கு வெகுகாலம் முன்னர், தணிந்துபோன துலங்கல் சற்று ஓய்வு கொடுத்த பின் தானாகத் தலைதூக்குவதைப் பதிவு செய்திருக்கிறார். பழைய பாடம் எங்கும் போவதில்லை. அதன் மேல் இரண்டாவது பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவே. அந்த இரண்டாவது பாடம் எந்த இடத்தில் கற்கப்பட்டதோ அந்த இடத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. ‘அச்சத்துக்குரிய அந்த ஓசைக்கு இங்கே பொருள் இல்லை’ என்பதை மட்டுமே அம்மா என் வீட்டில் கற்றிருந்தார். ‘இங்கே’ என்ற சொல்லை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

கலைச்சொல் ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரிகளில் இந்த நிகழ்வை ‘அழிதல்’ என்றும் சொல்கிறோம், ‘மறைதல்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றே என்று கருதி நான் இத்தனை காலமும் முன்னதை எழுதிவந்தேன். நம் மொழியில் கதிரவன் மறைகிறான், நிலவு மேகத்தில் மறைகிறது. மறைந்தது இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். அந்த மாணவியின் கேள்விக்கான பாதிப் பதில் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கரும்பலகையில் நான் எழுதிய மற்றொரு சொல் அதை மூடிவிட்டது.

பாவ்லோவின் வெள்ளம்

அந்தக் கோடை விடுமுறையில், பாவ்லோவின் சொற்பொழிவுகளை 1927இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். இத்தனை ஆண்டு அவரைக் கற்பித்துவிட்டு இதைச் சொல்ல நாணமாக இருக்கிறது. அதில் ஒரு வெள்ளம் வருகிறது. 1924 செப்டம்பர் 23 அன்று நேவா ஆறு லெனின்கிராடுக்குள் புகுந்தது. பாவ்லோவுக்கு எழுபத்தைந்து வயது நிறைய மூன்று நாள் இருந்தது. நாய்க் கொட்டில்களில் தண்ணீர் ஏறியதால், நாய்களை நீந்தவைத்து மிகுந்த பாடுபட்டே காப்பாற்றினார்கள். சில நாள் கழித்துச் சோதனைகளைத் தொடங்கியபோது, அதுவரை ஒழுங்காகத் துலங்கிவந்த நாய் ஒன்று திடீரென எதற்கும் துலங்கவில்லை. வழக்கமாக ஆவலோடு உண்ணும் உணவையும் தொடவில்லை. காரணம் வெள்ளம் என்பது உடனே யாருக்கும் தோன்றவில்லை.

பின்னர் அவர்கள் செய்ததைப் பலமுறை திரும்பப் படித்தேன். வழக்கமாகச் சோதனையாளர் நாய் இருக்கும் அறைக்கு வெளியே இருந்துகொண்டே எல்லாவற்றையும் இயக்குவார். இப்போது அவர் உள்ளே வந்து நாயின் அருகில் அமர்ந்தார். துலங்கல்கள் திரும்பின. அவர் வெளியேறினால் மீண்டும் மறைந்தன. அவருடைய ஆடையைக் கண்ணுக்குத் தெரியாதபடி அறையில் வைத்தாலும், வாடையைக் கொண்டே நாய் ஓரளவு அமைதியடைந்தது. இவ்வாறு கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்கி, நாய் பழைய நிலைக்கு வந்த பிறகு, ஒருநாள் அறைக் கதவின் அடியில் மெல்லிய நீரோட்டம் ஒன்றை ஓசையின்றிக் கசியவிட்டார்கள். அத்தனையும் ஒரே கணத்தில் குலைந்தது. கதவடியில் கசிந்த அந்த நீரை வாசித்தபோது எனக்கு எங்கள் அங்கணம்தான் கண்முன் வந்தது. எந்த நாயைக் கரும்பலகையில் மணியோடு வரைந்து வந்தேனோ, அந்த நாயின் கூட்டாளி ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே என் அம்மாவின் நிலையில் நின்றிருக்கிறது. அதன் அருகில் ஒரு மனிதர் வந்து அமர்ந்திருக்கிறார். பாடநூலில் அந்த மனிதருக்கு ஒரு வரி இல்லை.

குழவிக்கல்

அம்மா தம் வழியில் ஒரு தீர்வு கண்டிருந்தார். பழைய துணியைப் பந்தாக உருட்டி அங்கணக் குழியை அடைத்து, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டார். குளியல் கொல்லையில்; பாத்திரம் கழுவுவதும் கொல்லையில். குழி மூடியிருந்ததால் ஓசை இல்லை, ஓசை இல்லாததால் நடுக்கமும் இல்லை. நாள்கள் அமைதியாகக் கழிந்தன. பார்ப்பவர்களுக்குத் தேறிவிட்டார் என்றே தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளும் வெள்ளம் வராமல் போனதற்கு அவர் கணக்கில் காரணம், குழவி அங்கே இருந்ததுதான்.

ஹார்வர்டில் சாலமனும் அவருடைய கூட்டாளிகளும் 1953இல் வெளியிட்ட ஆய்வில் நாய்கள் இதையே செய்கின்றன. அடையாளம் தோன்றிய 10 நொடியில் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் குதிக்காவிட்டால் கடும் மின்னதிர்ச்சி என்று நாய்களைப் பழக்கினார்கள். அந்த அதிர்ச்சியின் கொடுமையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். 200 முறை அடையாளத்தைக் காட்டிய பின்னும் நாய்கள் குதித்துக்கொண்டே இருந்தன. நின்று பார்த்தால்தானே அதிர்ச்சி இல்லை என்று தெரியும்? தப்பிக்கும் செயலே, தப்பிக்கத் தேவையில்லை என்று அறியும் வாயிலை அடைத்துவிடுகிறது. நாய்கள் குதிக்க முடியாதபடி இடையில் கண்ணாடித் தடுப்பு வைத்தும் பார்த்தார்கள். அது எல்லா நாய்களிடமும் பலிக்கவில்லை. இதை நான் படித்து அறிந்ததைவிட நோகச் செய்து அறிந்தேன் என்பதே சரி. மே மாதத்தில் ஒருநாள், “இது உங்கள் நன்மைக்குத்தான்” என்று சொல்லிக் குழவியையும் துணியையும் எடுத்து அப்புறப்படுத்தினேன். அன்று இரவு அம்மா உறங்கவில்லை. வாசல் நடையில் சுவரில் சாய்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அமர்ந்திருந்தார். விடிந்ததும் நானே குழவியை எடுத்துவந்து வைத்தேன்.

சொல்லியும் பார்த்தேன். பாபநாசம் அணை 143 அடி கொள்ளும், மணிமுத்தாறு 118 அடி, இப்போது கோடையில் இரண்டிலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நாளிதழைக் காட்டி விளக்கினேன். அம்மா அந்தக் கட்டத்தை நாள்தோறும் எனக்கு முன்பே படிப்பவர். “அணையெல்லாம் எனக்குத் தெரியும்ட்டி. அங்கணத்துக்குத் தெரியாதுல்லா?” என்றார்.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர், நேவா பொங்கிய அதே 1924இல், குழந்தைகளின் அச்சத்தை நீக்கப் பல வழிகளைச் சோதித்து எழுதியிருக்கிறார். அவர் முயன்றவற்றின் வரிசையைப் படித்தபோது நானும் உறவினர்களும் அம்மாவிடம் கையாண்டவை ஒவ்வொன்றாக வந்தன. அஞ்சும் பொருளைக் காட்டாமல் காலம் தாழ்த்துவது. அது நல்லது என்று வாயால் எடுத்துச் சொல்வது. மற்றவர் முன் கேலி செய்வது. கவனத்தை வேறு பக்கம் திருப்புவது. இவை எதையும் அவரால் நம்பத்தகுந்த வழி என்று சொல்ல முடியவில்லை. ‘நாள்பட்டால் மறந்துவிடும்’ என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வதும் அந்த வரிசையில் இருந்தது. ஐயமின்றிப் பலித்தவை இரண்டே: அஞ்சும் பொருளைக் குழந்தை விரும்பும் ஒன்றோடு சேர்த்து மெல்ல மெல்ல அருகில் கொண்டுவருவது; அஞ்சாத மற்றவர்கள் அதோடு பழகுவதைக் குழந்தை பக்கத்தில் இருந்து பார்ப்பது. பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனுக்கு மூன்று வயது நிறையவில்லை. முயல் என்றால் அலறுவான். கூண்டில் முயலை 12 அடி தள்ளி வைப்பதில் தொடங்கி, 4 அடி, 3 அடி என்று நெருங்கி, கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். இடையில் ஒரு சறுக்கல். காய்ச்சலில் கிடந்து மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிறுவன் மீது பெரிய நாய் ஒன்று பாய, பெற்றதெல்லாம் போயிற்று. மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினார். இம்முறை அவன் விரும்பி உண்ணும்போது முயலை மெல்ல அருகில் கொண்டுவந்தார். இந்த முறையை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். அவசரப்பட்டு முயலை நெருக்கமாகக் கொண்டுவந்தால், முயலின் மேல் விருப்பம் வருவதற்கு மாறாக, உணவின் மேலேயே அச்சம் வந்துவிடலாம். மே மாதத்து இரவை எண்ணி நான் இந்த வரியில் வெகுநேரம் நின்றேன்.

மாலை நான்கு மணி

படித்துக்கொண்டதைச் செயல்படுத்த எனக்கு வாய்ப்பு வரவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அம்மையார் செய்து முடித்திருந்தார்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். அம்மாவை மயினி என்று அழைப்பார். வெள்ளத்தன்று அவர்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். வண்டல் இறுகி அவர்கள் வீட்டுச் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டதால், கோடை முழுவதும் கழுநீர் விட வழியில்லாமல் இருந்திருக்கிறார். ஜூனில் ஒருநாள் மாலை பாத்திரக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “மயினி, குழவிய அங்கிட்டு வச்சுக்கிடுதேன், பாத்திரம் கழுவணும்லா?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பாத்திரம் கழுவ இடம் கேட்டால் மறுப்பது அம்மாவுக்குத் தெரியாது. “வச்சுக்க” என்று சொல்லிவிட்டு வாசல் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாராம். உள்ளே தண்ணீர் பேசியது திண்ணைவரை கேட்டிருக்கிறது. கூடவே, பாத்திரம் தேய்த்தபடியே அந்த அம்மையார் மகள் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டிருக்கிறது. கழுவி முடித்ததும் துணியை அடைத்து, குழவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து, இருவரும் காப்பி குடித்திருக்கிறார்கள்.

மறுநாளும் நான்கு மணிக்கு வந்தார். திண்ணையில் இருந்து கதையைச் சரியாகக் கேட்க முடியவில்லை என்று அம்மா பட்டாசாலைக்கு நகர்ந்தார். சில நாள் கழித்து அடுக்களை வாசற்படி. ஆடி மாதத்தில் நான் போனபோது, அம்மா அங்கணத்தின் விளிம்பில் மணைப்பலகை போட்டு அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த அம்மையார் குண்டாவைக் கவிழ்த்துக் கழுநீரைக் கொட்ட, குழி ‘குளக் குளக்’ என்றது. அம்மாவின் விரல்கள் ஒரு கணம் கீரைத் தண்டில் நின்றன. பேச்சு நிற்கவில்லை. விரல்கள் மீண்டும் ஆயத் தொடங்கின. நான் அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். திண்ணை, பட்டாசாலை, வாசற்படி, அங்கணத்து விளிம்பு: முயல் கூண்டு 12 அடியிலிருந்து 4 அடிக்கும் 3 அடிக்கும் வந்த அதே நடை. காப்பியும் இருந்தது. அதே வெள்ளத்தில் நனைந்தும் அங்கணத்துக்கு அஞ்சாத ஒருவர் கூடவே அமர்ந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, இது நடந்தது பாலத்துக்கு அந்தப்புறம், எந்த வீட்டில் அச்சம் கற்கப்பட்டதோ அந்த வீட்டிலேயே. நான் குழவியைப் பறித்தேன். அவர் கேட்டுவிட்டு நகர்த்தினார், ஒவ்வொரு நாளும் திரும்ப வைத்தார். எடுப்பதும் வைப்பதும் தம் வீட்டில் தம் அனுமதியோடு நடக்கின்றன என்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை எந்த அட்டவணையிலும் குறிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மையாரிடம் பின்னர் இதைச் சொல்லி நன்றி கூற முயன்றேன். அவருக்கு நான் சொன்னது பிடிபடவில்லை. ஆவணியில் அவர்கள் வீட்டுக் குழாய் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் நான்கு மணிக்குப் பாத்திரக் கூடையோடு வருவதை அவர் நிறுத்தவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

2024 டிசம்பரில் பெருமழை பெய்து தாமிரபரணியில் மீண்டும் வெள்ளம் வந்தது. நான் தொலைபேசியில் அழைத்தபோது அம்மா குழியைத் துணியால் அடைத்துக் குழவியைத் தூக்கி வைத்திருந்தார். மஞ்சள் பை பரண்மேல் ஏறியிருந்தது. ஓராண்டு உழைப்பும் போயிற்றே என்று என் நெஞ்சு ஒரு கணம் பதறியது. பிறகு குரலைக் கவனித்தேன். நடுக்கம் இல்லை. “ஆத்துல தண்ணி கூடிட்டு. அங்கணமும் ஒரு மாதிரியா பேசுது, இது ஊத்துன தண்ணி இல்ல. மேல மாடிக்குப் போறோம், அவளும் வாரா” என்றார். மேலே வரும் ஓசையையும் கீழே இறங்கும் ஓசையையும் அவர் மறுபடி பிரித்துக் கேட்கத் தொடங்கியிருந்தார். நான் அழிக்க விரும்பிய அச்சத்துக்குள் எழுபத்தைந்து வயதில் அவர் அரும்பாடுபட்டுக் கற்ற ஓர் உண்மையும் இருந்தது. அது அழிந்திருந்தால் அன்று அவர் எதைக் கேட்டு மாடி ஏறியிருப்பார்?

ஆறு வடிந்த மூன்றாம் நாள் சிந்துபூந்துறைக்குப் போனேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கவில்லை. குழவி அம்மிமேல் இருந்தது. துணிப்பந்து கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான்கு மணி ஆகிவிட்டதால் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.